நீர்நாய் மேல் ஒரு காலடி

"மிதிக்காதீங்க!"

உடை மாற்றும் அறையில் இருந்த அத்தனை ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் கத்தியதில், ரோஸ்விதா மேடத்தின் வலது கால் அந்தரத்தில் நின்றது.

"ஏன், கீழே கரண்ட் ஓடுதா?" என்றார் மேடம்.

அவர் காலுக்கு நேர் கீழே, கம்பளத்தில், எங்கள் நீர்நாய் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன்.

"மேடம், அது க்ளப்போட சின்னம். யாரும் மிதிக்க மாட்டாங்க. சுத்தித்தான் போவாங்க. மிதிச்சா அன்னிக்கு மேட்ச் அம்பேல்."

"மிதிக்கக் கூடாதுன்னா அதைக் கொண்டுவந்து நட்டநடுத் தரையில ஏன்யா போட்டிருக்கீங்க? சுவத்துல மாட்டுறதுதானே?"

எனக்கு இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அதனாலேயே கொஞ்சம் எரிச்சலாக வந்தது.

ரோஸ்விதா கெர்ன் ஃபெல்டன்பாக்கில் இருபது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கண்ணாடி மாற்ற வருகிறவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் வீட்டு விஷயம் பூராவையும் கொட்டிவிடுவார்கள். அதையே தொழிலாக்கினால் என்ன என்று கடையை விற்றுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். நான் லோரென்ஸ், அவருடைய உதவியாளன். வார நாட்களில் அவர் சொல்வதைக் கேட்பேன். வெள்ளியும் ஞாயிறும் கேட்க மாட்டேன். அந்த இரண்டு நாளும் எங்கள் நீர்நாய்கள் ஐஸ் ஹாக்கி ஆடும் நாள், நான் கோலுக்குப் பின்னால் கழுத்தில் துண்டோடு நின்று கத்துகிற நாள். மேடமோ இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஊரில் பலர் இதை நாத்திகத்தைவிட மோசமாக நினைக்கிறார்கள்.

இன்று ஞாயிறு. லீக்கின் கடைசி நாள்.

இந்த சீசனைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே உடம்புக்கு நல்லது. செப்டம்பரில் ஊரே மாலை போடாத குறையாக ஆரம்பித்தோம். நவம்பரில் கோச்சைத் துரத்தினோம். கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க, வாத்துக்கறி தொண்டையில் இறங்காத அளவுக்கு, வரிசையாகத் தோற்றோம். இப்போது அடிமட்டத்தில் நாங்களும் க்ரோன்ஹாஃபன் நாரைகளும் மட்டும்தான் மிச்சம். இன்று பிற்பகல் அவர்களோடுதான் ஆட்டம். தோற்கிற அணி இரண்டாம் லீகுக்கு இறங்க வேண்டும்.

இந்த மட்டும் தாக்குப்பிடித்ததற்கு ஒரே காரணம் எங்கள் கோல்கீப்பர் கோர்பினியன். ஊருக்கே கோர்பி. அந்தக் கோர்பியின் முகமூடியைத்தான் இன்று காலை யாரோ திருடிவிட்டார்கள்.

"காலைல பயிற்சி முடிஞ்சதும் இதோ இந்த ஆணியில மாட்டிட்டுப் போனான். சாப்பிட்டு வந்து பாத்தா ஆணி மட்டும் இருக்கு." சொன்னவர் மேனேஜர் வாஸ்னர். எங்களை வரவழைத்தவர் அவர்தான். வெறும் தலையைக் கோதிக்கோதி, அங்கே இருந்த நாலு முடியையும் ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்.

"வேற முகமூடி இல்லையா?"

"இருக்கு. போட மாட்டானாம். அது இல்லாம இறங்க மாட்டேங்கறான். இந்த கோல் காக்கறவனுங்க எல்லாருமே கொஞ்சம் கழண்ட கேஸுதான் மேடம். இடது கால் பட்டையைத்தான் முதல்ல கட்டுவான். மேட்ச் நாள்ல ஒருத்தரோடயும் பேச மாட்டான். எல்லாத்தையும் சகிச்சுக்கிட்டோம். இப்போ இது!"

நீர்நாயின் மூக்கில் கறுப்புச் சேற்றில் ஒரு பூட்ஸ் தடம் தெரிந்தது.

"நாரைக்காரனுங்க வேலைன்னுதான் முதல்ல நினைச்சேன்," என்றார் வாஸ்னர். "எங்க ஆளு எவனும் அதை மிதிக்க மாட்டான். ஆனா அந்த பூட்ஸ், வாசல்ல பொதுவாக் கிடக்கிற ஜோடி, கிடைச்சது எங்க தெரியுமா? சாமான் காய வைக்கிற அறையில. ரெண்டு கோல்கீப்பருங்களைத் தவிர அங்க எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். நாத்தம் அப்படி. ஒருத்தன் பறிகொடுத்தவன். மிச்சம் யாரு?"

மிச்சம் ஸாவெர். இருபத்திரண்டு வயது. சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து, ஐஸில் இறங்குகிற மற்றவர்களுக்குக் கதவைத் திறந்து விட்டுக்கொண்டிருந்த மாற்று கோல்கீப்பர். கோர்பி இறங்காவிட்டால் இறங்க வேண்டியவன் அவன்தான்.

"திருட்டுப்பயலை நான் கோல்ல நிக்க வைக்க மாட்டேன். ஜூனியர்லேருந்து ஒரு பொடியனை வரச் சொல்லியாச்சு. முகமூடி கிடைக்கலைன்னா நாளைக்குக் காலைல லீக்ல இருக்கிற ஒவ்வொரு க்ளப்புக்கும் நானே போன் போட்டு இவன் லட்சணத்தைச் சொல்வேன். அப்புறம் எந்த ஊர்ல ஆடறான்னு பாக்கறேன்."

மேடம் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கம்பளத்தில் மண்டியிட்டு நீர்நாயை மூக்கோடு மூக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இடது கால். வலது கால் எங்கே?"

"தாண்டிக் குதிச்சிருப்பான்," என்றேன்.

"கதவுலேருந்து இங்க வர்ற வரைக்கும் கம்பளம் சுத்தமா இருக்கு. திரும்பிப் போன தடமும் இல்லை. ஒத்தைக் கால்ல பறந்து வந்து, நீர்நாய் மூக்குல இறங்கி, மறுபடி பறந்து போயிட்டானா? திருடனா, கொக்கா?"

"நாரை மேடம். அவங்க சின்னம் நாரைதான்."

"வாயை மூடு. கோர்பியோட ஆணி எங்க இருக்கு?"

கதவை ஒட்டி இடது பக்கம் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். முகமூடியை எடுக்க வந்தவனுக்கு நடு அறைக்கு வர வேண்டிய அவசியமே இல்லை.

மேடம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"இது நடந்த தடம் இல்லை லோரென்ஸ். பூட்ஸைக் கையில பிடிச்சுக்கிட்டு, முத்திரை குத்தற மாதிரி குத்தியிருக்கான். வெளியாள் வந்தான்னு காட்டறதுக்காக. வெளியாளுக்குத்தான் மிதிக்கக் கூடாதுன்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சுதா?"

"ஊர்லயே உங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது."

"சரி, கால்ல மாட்டி ஒரு மிதி மிதிச்சிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்குமே. எதுக்குக் கையால குத்தினான்?"

கேள்வியே எனக்குக் கூசியது. "மிதிக்க மனசு வந்திருக்காது மேடம். இன்னிக்கு மேட்ச் ஆச்சே!"

"அதேதான். முகமூடியைத் தூக்க மனசு வந்திருக்கு, கம்பளத்தை மிதிக்க வரலை. அப்போ ஆள் இந்த அறைக்குள்ளதான் இருக்கான்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் மட்டைக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தார். ஒருவர் கண்ணை மூடி ஜபிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் என் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்குகிறவர்கள். இவர்களில் ஒருவரைச் சந்தேகப்படுவதற்கு என்னையே சந்தேகப்பட்டுக்கொள்ளலாம்.

"ஒண்ணு மட்டும் இடிக்குது," என்றார் மேடம். "பூட்ஸ் ரெண்டும் கிடைச்சிருக்கு. அப்படின்னா ரெண்டு தடம் குத்தியிருக்கலாமே? ஒத்தைத் தடத்தைப் பார்த்து எவன் நம்புவான்?"

"யாராவது வந்திருப்பாங்க. பாதியில போட்டுட்டு ஓடியிருப்பான்."

"இருக்கலாம்," என்றார். இருக்காது என்று அர்த்தம்.

*

கோர்பி நடைபாதையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். முகத்தில் ஒரு மாதத் தாடி. வெளியே ரசிகர்களின் மேளச் சத்தம் இப்போதே சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் ஒரு கண்ணை மூடினார்.

என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்! கோர்பி! பதினைந்து வருடமாக அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துகிறேன். அவருக்கு என் முகம் தெரிந்திருக்கிறது. நான் மேடத்தின் முழங்கையை இடித்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

"முகமூடி இல்லாம இறங்கவே மாட்டீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"மாட்டேன். அது என் தலைக்குன்னே செஞ்சது. வேறது போட்டா எனக்கு ஆட்டமே வராது."

"ஸாவெர்தான் எடுத்தான்னு சொல்றாங்களே."

"அவன் எடுக்கலை." சட்டென்று பதில் வந்தது.

"அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றீங்க?"

"தெரியும். நல்ல பையன். வாஸ்னர்கிட்ட காலைலேருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன், அவன் இல்லை, விட்டுடுங்கன்னு. மண்டையில ஏறலை. நீங்களாவது சொல்லுங்க. வெளியாளு எவனோ பண்ணியிருக்கான். அவனை இறக்கச் சொல்லுங்க, நல்லாவே ஆடுவான். ப்ளீஸ்."

பேசிக்கொண்டே கோப்பையை மேஜைமேல் வைத்தார். கோப்பை மேஜைமேல் போகவில்லை. விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்து, காபி என் காலணியெல்லாம் தெறித்தது.

"ஐயோ, சாரி, சாரி."

"பரவாயில்ல சார், இன்னிக்கு எல்லாருக்கும் கை நடுங்குது," என்றேன். அந்தக் காலணியை இனிமேல் துடைப்பதில்லை என்றும் முடிவு செய்துகொண்டேன்.

அங்கிருந்து நகர்ந்ததும் மேடம் என்னைக் கேட்டார். "மேட்ச் நாள்ல இவர் யாரோடயும் பேச மாட்டார்னு வாஸ்னர் சொன்னாரே?"

"ஆமா. அவர் பக்கத்துலகூட போகக் கூடாது."

"காலைலேருந்து வாஸ்னர்கிட்ட பேசியிருக்கார். இப்போ நம்மகிட்ட பேசறார். உன்கிட்ட சாரிகூட சொல்லியாச்சு. என்ன ஆச்சு இவருக்கு?"

"பையன் மேல பாசம் மேடம். பெரிய மனசு."

"ம்," என்றார் மேடம். நடையை எட்டிப் போட்டார்.

*

சாமான் காயும் அறையின் நாற்றத்தைப் பற்றி வாஸ்னர் குறைத்தே சொல்லியிருந்தார். உள்ளே ஒரு கவிழ்த்த வாளியின்மேல் ஸாவெர் உட்கார்ந்திருந்தான். கால் பட்டைகளை ஏற்கெனவே கட்டியிருந்தான். யாரும் இறங்கச் சொல்லாதபோதும் கட்டியிருந்தான். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"வந்துட்டீங்களா? கைவிலங்கு எங்கே?" என்றான்.

"அளவு எடுக்க வந்தோம். உன் மணிக்கட்டு கொஞ்சம் பெரிசு," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "நான் ஏதாவது திருடணும்னா அவரோட கையைத்தான் திருடுவேன். முகமூடியை வெச்சு நான் என்ன பண்ண, சாம்பார் ஊத்தவா?"

(அவன் சொன்னது உருளைக்கிழங்கு சூப். அவ்வளவு கோபத்துக்குச் சூப் காணாது என்று நானாக மாற்றிவிட்டேன்.)

"இந்த வாரம் பயிற்சி எப்படிப் போச்சு?" என்று கேட்டார் மேடம்.

"இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மா சொல்லு."

"எனக்குத்தான் நிறைய ஷாட் வந்துச்சு. வழக்கமா என்னைக் கிட்டவே விட மாட்டார். இந்த வாரம், 'நீ நில்லுடா, நீ நில்லு'ன்னு அவரே ஒதுங்கிக்கிட்டார். இன்னிக்குக் காலைலயும் அப்படித்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? இப்போ பாருங்க, அதையே வாஸ்னர் திருப்பறார். நான்தான் அவரை ஏமாத்தி ஒதுக்கினேனாம்." கால் பட்டையின் வாரை இழுத்து இறுக்கினான். "எங்க அப்பா பஸ் பிடிச்சு வந்து வெளியில உக்காந்திருக்கார். அவர்கிட்ட நான் என்ன சொல்ல?"

மேடம் அவன் தோளைத் தொட்டுவிட்டு வேகமாக வெளியே வந்தார். "போன வாரம் கோர்பிக்கு அடிகிடி பட்டுச்சா?"

"போன ஞாயித்துக்கிழமை எவனோ ஒருத்தன் சறுக்கி வந்து முழங்காலால தலையில இடிச்சான். டாக்டர் பார்த்தார். ஒண்ணுமில்லைன்னு எழுந்து ஆடினார். அவர் யாரு!"

"வெள்ளிக்கிழமை?"

"அஞ்சு கோல் வாங்கினார். வாழ்க்கையிலயே அப்படி வாங்கினதில்லை. எல்லாம் தூரத்துலேருந்து வந்தது. பக், அதான் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, கையுறைக்கு ஒரு ஜாண் தள்ளிப் போகுது, இவர் காத்தைப் பிடிக்கறார். புது விளக்கு போட்டிருக்காங்க மேடம், கண்ணு கூசுது, அதான்."

மேடம் நின்றுவிட்டார். வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்தார். அதற்குள் எதிர்ப்புறம், வேஷ உடை வைக்கும் சின்ன அறைக்குள்ளிருந்து ஒரு கூச்சல்.

"யாராவது வந்து பிடிங்களேன்! இந்தத் தலை இறங்க மாட்டேங்குது!"

கழுத்துவரை பழுப்பு ரோமத்தோடு ஒரு நீர்நாய் வெளியே வந்தது. கழுத்துக்குமேல் கெர்லிண்டின் சிவந்த முகம் இருந்தது. வார நாட்களில் பல் டாக்டரிடம் உதவியாளர், ஆட்ட நாட்களில் நீர்நாய் வேஷம் போட்டு ஐஸ் ஓரம் குதிக்கிறவர். கையில் அண்டா அளவுக்கு நீர்நாய்த் தலை.

"வெள்ளிக்கிழமை சரியா இருந்துச்சு லோரென்ஸ். இன்னிக்குக் காதுக்கு மேலேயே நிக்குது. கனம் வேற. காலைலேருந்து பன்னு ஜாஸ்தியாத் தின்னுட்டேனா?"

"பன்னு தின்னா தலை பெருக்காதுக்கா. இடுப்புதான்."

அவர் அந்தத் தலையாலேயே என்னை இடித்தார். உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது.

நான் கையை விட்டேன். கம்பி தட்டுப்பட்டது. இழுத்தேன். நீலமும் வெள்ளையுமாக, நெற்றியில் கோரைப்பல் வரைந்த முகமூடி. கோர்பியின் முகமூடி!

"கிடைச்சிடுச்சு!" நான் குதித்தே விட்டேன். "மேடம், ஜெயிச்சோம்! ஸாவெர் பொழைச்சான், கோர்பி ஆடறார், நாரைங்க காலி!"

"கத்தாதே! உள்ள வை!" மேடம் பாய்ந்து என் வாயைப் பொத்தினார். "உடனே திருப்பி உள்ள வை லோரென்ஸ்!"

அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. நான் புரியாமல் விழித்தேன். விழித்த அந்த நொடியில் நடைபாதை முனையில் வாஸ்னர் திரும்பினார். பார்த்தார். ஓடி வந்தார். முகமூடியைப் பிடுங்கி அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தார். நல்லவேளை, எனக்குக் கொடுக்கவில்லை.

"எவன் எடுத்தான், எதுக்கு எடுத்தான், எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம்! கோர்பி! டேய் கோர்பி! இறங்குடா!" கத்திக்கொண்டே உடை மாற்றும் அறைப் பக்கம் ஓடினார்.

"ஓடு," என்றார் மேடம். "கண்டுபிடிக்கக் கூடாததைக் கண்டுபிடிச்சுத் தொலைச்சுட்டோம்."

ஓடினோம். ஓட ஓட அவர் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கோர்பி உன்னைப் பார்த்துக் கண்ணடிச்சார்னு இடிச்சியே?"

"ஆமா!"

"கண்ணடிக்கலை. அவருக்கு ரெண்டு லோரென்ஸ் தெரிஞ்சிருக்கு. ஒரு கண்ணை மூடினா ஒண்ணு மறைஞ்சிடும். என் கடை நாற்காலியில உக்காந்து எத்தனை பேர் அப்படிப் பண்ணியிருக்காங்க! காபி கோப்பையை இல்லாத மேஜைமேல வெச்சார். வெள்ளிக்கிழமை இல்லாத பக்கைப் பிடிச்சார்."

"அப்போ அந்தத் தடம்..."

"ரெண்டு குத்தணும்னுதான் மண்டி போட்டிருக்கார். ஒண்ணைக் குத்தினார். பார்த்தா அவர் கண்ணுக்கு ரெண்டு இருந்துச்சு."

எனக்குக் கால் தடுக்கியது. கோர்பியே கோர்பியின் முகமூடியைத் திருடினாரா? இறங்காமல் இருப்பதற்காகவா? அதை நம்புவதற்குள் அறைக் கதவு வந்துவிட்டது.

*

உள்ளே தேர்த் திருவிழாதான். முகமூடி வந்த சந்தோஷத்தில் எல்லாரும் மட்டையால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோர்பி அவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். முகமூடி மடியில் இருந்தது. இடது கால் பட்டையைக் கட்ட ஆரம்பித்திருந்தார். அவரைப் பார்த்து ஊரே கும்பிடும், ஆனால் அந்த நிமிடம் அவர் முகத்தில் இருந்தது வெறும் பயம்.

"கோர்பி, உங்ககூட ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்," என்றார் மேடம்.

"மேட்ச் முடிஞ்சு பேசிக்கலாம்," என்றார் வாஸ்னர். "உங்க வேலை ஆச்சு மேடம், ரொம்ப நன்றி. லோரென்ஸ், அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

"இவர் இறங்கக் கூடாது."

"யாரு சொல்றது? ஐஸைக் கண்ணால பார்த்திருக்கீங்களா நீங்க?"

மட்டைச் சத்தம் கொஞ்சம் அடங்கியது. எல்லாரும் கோர்பியைப் பார்த்தார்கள். "நான் நல்லா இருக்கேன்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "கிளம்பலாம்."

அவரே சொன்ன பிறகு நாங்கள் என்ன செய்ய முடியும்? நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் பெஞ்சிலிருந்து நாடாச் சுருள் ஒன்றை எடுத்தார்.

"கோர்பி," என்றார் மெதுவாக. "பிடிங்க."

வேகமாக எறியவில்லை. சமையலறையில் ஒரு தக்காளியைக் கேட்டால் எறிவோமே, அவ்வளவுதான். ஐந்து வயசுக் குழந்தைகூடப் பிடித்திருக்கும். கோர்பியின் கை பழக்கத்தில் பாய்ந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான முறை எங்களைக் காப்பாற்றிய கை. அது ஒரு ஜாண் தள்ளி, ஒன்றுமே இல்லாத இடத்தில், இறுக மூடிக்கொண்டது. சுருள் அவர் நெஞ்சில் பட்டு, உருண்டு, பெஞ்சுக்கு அடியில் போய் நின்றது.

யாரோ மட்டையை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

கோர்பி மூடிய கையைத் திறந்து பார்த்தார்.

"எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது," என்றார். "போன ஞாயித்துக்கிழமையிலேருந்து. ராத்திரி படுத்தா கட்டில் சுத்துது. டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். பல்லு போச்சுன்னா ரத்தத்தைத் துப்பிட்டு ஆடறோம். விரல் ஒடைஞ்சா கட்டிக்கிட்டு ஆடறோம். மண்டைக்குள்ள சரியில்லைன்னு எப்படிச் சொல்றது? அதுவும் இந்த மேட்சுக்கு? பயந்துட்டான்னு சொல்வீங்க. முகமூடி காணாமப் போனா யாரும் எதுவும் சொல்ல மாட்டீங்க. கிறுக்குன்னு விட்டுடுவீங்க."

"ஒரே ஒரு மேட்ச்தான் கோர்பி," வாஸ்னர் கிட்டே போய்க் குனிந்தார். "ஒரு கண்ணை மூடிக்கிட்டு..."

யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அந்த வாக்கியத்தை முடிக்க அவருக்கே வாய் வரவில்லை.

மூலையில் புதுக் கோச் நின்றிருந்தார். பின்லாந்துக்காரர், வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம். அந்த வாரத்து வார்த்தையை இப்போது செலவழித்தார்.

"ஸாவெர்."

ஸாவெர் கதவருகே நின்றிருந்தான். கூச்சல் கேட்டு எப்போதோ வந்திருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

கோர்பி அவன் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். ஒரு கண்ணை மூடினார், எங்கே நிற்கிறான் என்று சரியாகத் தெரிய. "உன் பேரு இதுல வரும்னு நான் நினைக்கவே இல்லைடா. அவசரத்துல பூட்ஸை அங்க வீசிட்டேன். காலைலேருந்து வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்ல முடியலை. தப்புதான்."

"எங்க அப்பா வெளியில உக்காந்திருக்கார்," என்றான் ஸாவெர். கண்ணில் தண்ணீர் நின்றது. "பேக்கைத் தூக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போயிடலாம்னு நினைச்சேன், தெரியுமா உங்களுக்கு? அவருக்குத் தெரியாம."

"தெரியும்டா."

"உங்களை நான் அப்புறம் திட்டறேன். ரொம்ப நேரம் திட்டணும்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றான். "இப்போ சொல்லுங்க. அவங்க பதினேழாம் நம்பர் எங்க அடிப்பான்?"

"மேல பார்ப்பான், கீழ அடிப்பான். ஏமாறாதே. ஒன்பதாம் நம்பர் முதல் தடவை வந்தா அடிக்கவே மாட்டான், பக்கத்துல தள்ளுவான். நீ அசையாம நில்லு. அசையாம நின்னாலே பாதிப் பேர் குழம்பிடுவானுங்க."

வரிசையாக வெளியே போனார்கள். போகிறபோது ஒவ்வொருவரும் கோர்பியின் தலையைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டு, தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வாஸ்னர் ஸாவெருக்கு முன்னால் எதையோ மென்று விழுங்கிக்கொண்டு நின்றார். அவன் அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

மேடம் டாக்டரோடும் வண்டியோடும் வருவதாகச் சொல்லி ஓடினார். போகும்போது என்னைப் பார்த்து, "நீ போய் உன் மேட்சைப் பாரு. பாவம், செப்டம்பர்லேருந்து காத்துக்கிட்டிருக்கே," என்றார்.

நான் போகவில்லை. கோர்பிக்கு வெளிச்சம் குத்தியது. விளக்கை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கோலுக்குப் பின்னால் என் இடம் காலியாக இருக்கும் என்ற நினைப்பு வந்து வந்து போனது. என் கால்கள் தானாக ஆடிக்கொண்டே இருந்தன. அவருடையதும் ஆடிக்கொண்டிருந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் மேளம் ஓய்ந்தது. ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. ஒரு நீண்ட முணுமுணுப்பு கேட்டது. அப்புறம் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும் சத்தம்.

அப்புறம் கூரை இடிந்து விழுவதுபோல் ஒரு ஆரவாரம்.

நான் எழுந்துவிட்டேன். "கோலா? யாரு கோல்?"

"உக்காரு. கோல் இல்லை." கோர்பி கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்திருந்தார். "நம்ம கோல்னா ஹாரன் அடிச்சிருக்கும். அவங்க கோல்னா இவ்வளவு சத்தம் வராது. பையன் பிடிச்சிட்டான்."

சத்தம் ஓயவில்லை. யாரோ அவன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள், இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்துகொண்டார்கள், பிறகு அரங்கம் முழுக்க அந்த ஒரே பெயராக இருந்தது. பெஞ்சு அதிர்ந்தது.

"பதினஞ்சு வருஷம் இதுக்கு நடுவுலதான் நின்னிருக்கேன் லோரென்ஸ்," என்றார். "பக்கைத் தவிர வேற எதுவும் கேட்டதே இல்லை. இவ்வளவு பெரிசா இருக்குமா இது?"

"எப்பவுமே இவ்வளவு பெரிசுதான் சார்," என்றேன். "உங்களுக்கும்."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.